மாலை ஆறு மணிக்கு அடங்கும் ஊர்

அன்புள்ள ஐயா,

வணக்கம். உங்கள் ஐரோப்பியப் பயணக் கட்டுரையில், நெதர்லாந்தில் ஃபிரானெக்கர் என்ற சின்ன ஊரில் மூன்று நாள் தங்கியதாகவும், அந்தப் பயணத்திலேயே மனதுக்கு நிறைவாக இருந்த நாட்கள் அவைதான் என்றும் ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டீர்கள். அதைப் பற்றித்தான் கேட்கிறேன்.

எங்கள் மகள் ஐந்தோவனில் வேலை பார்க்கிறாள். போன வருடம் நானும் என் கணவரும் போயிருந்தோம். ஆம்ஸ்டர்டாம், துலிப் தோட்டம் எல்லாம் பார்த்து முடித்தபின், "அமைதியா ஒரு ஊர்ல ரெண்டு நாள் இருக்கலாம்மா" என்று ஒரு கிராமப்புறத்து ஊருக்குக் கூட்டிப்போனாள். அழகான ஊர்தான், குறை சொல்லமாட்டேன். ஆனால் ஆறு மணி ஆனதும் கடைகளைச் சாத்திவிட்டார்கள். தெருவில் ஆள் இல்லை, பேச்சுச் சத்தம் இல்லை. நான் கோயம்புத்தூரில் கடைத்தெருவை ஒட்டிய வீட்டில் பிறந்து வளர்ந்தவள். அந்த அமைதி எனக்குப் பயமாக இருந்தது. துக்க வீட்டுக்குள் தெரியாமல் நுழைந்துவிட்ட மாதிரி. வரும் மே மாதம் மறுபடியும் போகிறோம். நீங்கள் சொன்ன ஊருக்குப் போகலாமா என்று மகள் கேட்கிறாள். அங்கே என்னதான் இருக்கிறது?

எஸ்., கோயம்புத்தூர்

அன்புள்ள எஸ். அம்மா,

போங்கள். ஒரு நாளில் பார்த்துவிட்டுத் திரும்பாமல் இரண்டு இரவாவது தங்குங்கள்.

உங்கள் பயத்தை நான் முழுக்கப் புரிந்துகொள்கிறேன். எனக்கும் முதல் நாள் சாயங்காலம் அப்படித்தான் இருந்தது. நான் போனதும் மே மாதம்தான். லேவார்டனில் ரயில் மாறி, ஹார்லிங்கன் துறைமுகத்துக்குப் போகும் சின்ன வண்டியில் ஏறினால் இருபது நிமிடத்துக்குள் ஃபிரானெக்கர் வந்துவிடும். அறையில் பையை வைத்துவிட்டு வெளியே வந்தபோது ரொட்டிக்கடைக்காரர் விளக்கை அணைத்துக்கொண்டிருந்தார். அடுத்த கால் மணி நேரத்தில் தெரு காலி. இருட்டியிருந்தால்கூட மனம் ஏற்றுக்கொண்டிருக்கும். மே மாதத்தில் அங்கே சூரியன் மறைய ஒன்பது மணிக்கு மேல் ஆகிறது. ஊர் அடங்கிய பிறகும் மூன்று மணி நேரத்துக்கு மேல் நல்ல வெளிச்சம். கால்வாயில் வாத்து நீந்துகிறது, செங்கல் பாவிய தெருவில் வெயில் விழுகிறது, ஆனால் யாரும் இல்லை. பட்டப்பகல் வெளிச்சமும் நடுநிசி அமைதியும் ஒன்றாக வரும்போது நமக்கு அது பழக்கமில்லாத சேர்க்கை. உங்களைப் பயமுறுத்தியதும் அதுதான் என்று நினைக்கிறேன்.

வேறு போக்கிடம் இல்லாததால் நடந்துகொண்டே இருந்தேன். ஒன்பதரை மணிக்கு மேல் ஒவ்வொரு வீடாக விளக்கு எரிய ஆரம்பித்தது. டச்சு வீடுகளின் முன்ஜன்னல் பெரிதாக இருக்கும், பல வீடுகளில் திரையை இழுத்து மூடுவதில்லை. நின்று உற்றுப் பார்ப்பது மரியாதை இல்லை, ஆனால் நடந்துபோகிறவர் கண்ணில் படுவதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதும் இல்லை. ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர் மேஜை விளக்கைத் தாழ இழுத்து வைத்துக்கொண்டு, எதையோ பிரித்துப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். சின்னச் சின்ன பித்தளைத் துண்டுகள். ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் தேய்த்து, விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, வரிசையில் வைத்தார். நான் தெருக்கோடி வரை போய்த் திரும்பி வந்தபோதும் அதே நாற்காலி, அதே குனிந்த தலை. வரிசை மட்டும் நீண்டிருந்தது.

நம் ஊரில் வாழ்க்கை திண்ணையிலும் தெருவிலும் நடக்கிறது. அதனால் தெரு காலியாக இருந்தால் ஊரே இல்லை என்று நமக்குத் தோன்றுகிறது. அங்கே குளிர்காலத்தில் நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். தலைமுறை தலைமுறையாக அவர்களுடைய சாயங்காலம் வீட்டுக்குள், விளக்கடியில்தான் கழிந்திருக்கிறது. நீங்கள் ஊரைத் தெருவில் தேடியிருக்கிறீர்கள், அது உள்ளே இருந்திருக்கிறது. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஃபிரானெக்கரில் இருக்கும் ஒரு வீடு. நான் அந்த ஊருக்குப் போனதே அந்த வீட்டுக்காகத்தான்.

நகர மன்றக் கட்டடத்துக்கு எதிரே, கால்வாய் ஓரமாக இருக்கிறது. ஐஸே ஐஸிங்கா என்பவர் வாழ்ந்த வீடு. கம்பளியைச் சீப்பால் வாரிச் சிக்கெடுத்து நூற்பதற்குத் தயார் செய்கிற தொழில் அவருக்கு. 1744-ல் பக்கத்தில் ட்ரோன்ரைப் என்ற கிராமத்தில் பிறந்தவர். பல்கலைக்கழகம் பக்கம் மாணவராகப் போனதில்லை. கணிதத்தையும் வானியலையும் சொந்த முயற்சியில் கற்றுக்கொண்டார்.

1774 மே 8-ம் தேதி சந்திரன், புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன் எல்லாம் வானத்தில் நெருங்கி வந்தன. அதை முன்வைத்து எல்கோ ஆல்டா என்ற பாதிரியார் ஒரு சிறுநூல் எழுதினார். கிரகங்கள் ஒன்றையொன்று இழுத்து, பூமி தன் பாதையிலிருந்து தள்ளப்பட்டுச் சூரியனில் போய் எரிந்துவிடலாம் என்பது அதன் சாரம். ஃபிரானெக்கர் இருக்கும் ஃபிரீஸ்லாந்து மாகாணம் முழுக்கப் பீதி பரவியது. இந்தக் கதையை அங்கே கேட்டதும் எனக்கு என் அம்மாதான் ஞாபகத்துக்கு வந்தார். 1962 பிப்ரவரியில் எட்டு கிரகங்கள் மகர ராசியில் கூடியபோது உலகம் அழியப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு, கோயில்களில் யாகம். அஷ்டகிரகச் சேர்க்கை என்று அம்மா அதைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். உங்கள் வீட்டுப் பெரியவர்களும் சொல்லிக் கேட்டிருப்பீர்கள்.

ஐஸிங்கா அந்தப் பயத்துக்கு வாயால் பதில் சொல்லவில்லை. கிரகங்கள் எப்படி நகர்கின்றன என்று எல்லோரும் பார்க்கட்டும் என்று தன் வீட்டுக் கூடத்தின் உத்தரத்தில் சூரிய மண்டலத்தைக் கட்டத் தொடங்கினார் என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு. ஏழு வருடம் ஆயிற்று. பகலில் கம்பளி, மிச்ச நேரத்தில் வானம். 1781-ல் முடித்தார். தொடங்கியபோது அவருக்கு வயது முப்பது.

அந்தக் கூடத்தை நீங்கள் கற்பனை செய்யவேண்டும். தாழ்ந்த கூரை. கை உயர்த்தினால் தொட்டுவிடலாம் போல இருக்கும். நம் ஊர் நடுத்தர வீட்டு முன்னறை அளவுதான். மரத்தால் அடைத்த சுவருக்குள்ளேயே அலமாரி மாதிரி ஒரு படுக்கை. வீட்டுக்காரர்கள் அதில்தான் தூங்கினார்கள். மேலே நீல வண்ணம் பூசிய பலகைக் கூரை, அதில் ஒன்றுக்குள் ஒன்றாக வட்டமான கீறல்கள். கீறலுக்கு ஒரு கிரகமாகப் பொன்னிற உருண்டைகள் தொங்குகின்றன. ஒரு மில்லிமீட்டருக்குப் பத்து லட்சம் கிலோமீட்டர் என்ற அளவு. அதனால் சூரியனுக்கும் பூமிக்கும் நடுவே முக்கால் சாண்கூட இல்லை, சனி ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் இருக்கிறது. அதற்கப்பால் ஒன்றும் இல்லை. யுரேனஸ் கண்டுபிடிக்கப்பட்டது அதே 1781-ல்தான்.

குறுகலான படியில் ஏறிப் பரணுக்குப் போனால் இயந்திரம் தெரியும். கருவாலி மரத்தில் செய்த வட்டங்கள், பல் சக்கரங்களுக்குப் பல்லாக அடித்த ஆணிகள். கையால் செய்த ஆணிகள், ஆயிரக்கணக்கில். நான் ஒரு சக்கரத்தின் பக்கத்தில் குனிந்து பார்த்தேன். ஆணிகளின் தலை ஒன்றுபோல் ஒன்று இல்லை, ஆனால் இடைவெளி அச்சு அசல் ஒன்று. அத்தனையையும் ஒரே ஒரு ஊசல் கடிகாரம் ஓட்டுகிறது. எடைக்கற்கள் மெதுவாக இறங்குகின்றன, கீழே கிரகங்கள் உண்மையான கிரகங்களின் அதே வேகத்தில் நகர்கின்றன. புதனுக்கு 88 நாள், பூமிக்கு ஒரு வருடம், சனிக்கு இருபத்தொன்பதரை வருடம். முப்பது வருஷம் வாழ்ந்தவனும் இல்லை, முப்பது வருஷம் தாழ்ந்தவனும் இல்லை என்று நம் பெரியவர்கள் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தானே? அது அங்கே உத்தரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

கூடத்தில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தேன், அம்மா. அரை மணி நேரம் பார்த்தும் எதுவும் அசையவில்லை. என் பக்கத்தில் ஒரு சிறுவன், அவனும் கழுத்து வலிக்கப் பார்த்துக்கொண்டே இருந்தான். கடிகாரத்தின் சத்தம் மட்டும் கேட்டது. எல்லாம் நகர்ந்துகொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும், ஆனால் கண்ணுக்குத் தெரியவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் தெருவுக்கு வந்தபோது முந்தின நாள் இருந்த பயம் இல்லை.

ஐஸிங்காவின் வாழ்க்கை சுகமானது அல்ல. அந்தக் காலத்து அரசியலில் தேசபக்தர் கட்சியில் இருந்தார். 1787-ல் கட்சி தோற்றதும் ஊரை விட்டு ஓட வேண்டிவந்தது. அவர் இல்லாதபோதே மனைவி இறந்துபோனார். பிறகு சிறை, நாடுகடத்தல் எல்லாம் பட்டு 1795-ல்தான் வீடு திரும்பினார். அரசர் முதலாம் வில்லியம் 1818-ல் வந்து பார்த்தார். 1825-ல் அரசே வீட்டை வாங்கியது. ஐஸிங்கா 1828-ல் இறந்தார். 2023-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். கோள் மாதிரிகளில், கட்டிய இடத்திலேயே இன்னும் ஓடிக்கொண்டிருப்பவற்றுள் மிகப் பழமையானது இதுதான்.

ஆண்டைக் காட்டும் பலகை ஒன்றும் உண்டு. அதில் 22 ஆண்டுகளுக்கு உரிய எண்களை எழுதிவைக்கிறார்கள். அவை தீர்ந்ததும் யாராவது தூரிகை எடுத்து அடுத்த 22-ஐ எழுதவேண்டும். இதுவரை யாரும் எழுதாமல் விட்டதில்லை. அந்த ஊரின் மேல் எனக்கு மரியாதை கூடியது இதைக் கேட்டபிறகுதான்.

மற்றதெல்லாம் சுருக்கமாகச் சொல்கிறேன். 1585-லிருந்து 1811 வரை இங்கே ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. தத்துவஞானி தெகார்த் 1629-ல் அங்கே மாணவராகப் பெயர் பதிந்திருக்கிறார். நெப்போலியன் காலத்தில் மூடிவிட்டார்கள். மார்ட்டினி தேவாலயத்தில் தூண்களில் வரைந்த பழைய புனிதர் உருவங்களைப் பாருங்கள், தரையெல்லாம் கல்லறைக் கற்கள். வானியலாளர் யான் ஓர்ட் பிறந்ததும் இதே ஊரில்தான், 1900-ல். வால்நட்சத்திரங்களின் பிறப்பிடமாகச் சொல்லப்படும் ஓர்ட் மேகம் அவர் பெயரால் வந்தது. அவர் நினைவாக 2018-ல் ஒரு நீரூற்று வைத்திருக்கிறார்கள், அது பனிப்புகை மாதிரி மேகத்தை விடும். சாயங்காலம் அங்கே போய் நில்லுங்கள், ஊர்க் குழந்தைகளைப் பார்க்கலாம்.

உங்களுக்குச் சந்தடிதான் வேண்டும் என்றால் அதற்கும் ஒரு நாள் இருக்கிறது. காட்சன் என்று கையால் பந்தடிக்கும் ஆட்டம் ஃபிரீஸ்லாந்துக்காரர்களின் உயிர். ஜூன் 30-க்குப் பிறகு வரும் ஐந்தாவது புதன்கிழமை அதன் பெரிய போட்டி இங்கே நடக்கும், 1853-லிருந்து நடக்கிறது. மே மாதம் போகிறவர்களுக்குக் கிடைக்காது.

மே மாதத்துக்கு என்று ஒன்று உண்டு. ஊர் விளிம்புக்கு நடந்துபோனால் கண்ணுக்கெட்டிய தூரம் தட்டையான பசும்புல்லும் களிமண் வயல்களும்தான். அங்கங்கே ஒரு மேடு, அதன் மேல் தேவாலயம். கடலுக்குக் கரை போடுவதற்கு முந்தைய காலத்தில் வெள்ளத்துக்குத் தப்ப மக்கள் கையால் மண் கொட்டி உயர்த்திய மேடுகள் அவை. தெற்கே ட்சும் கிராமத்தின் கூரிய கோபுரம் 72 மீட்டர், எங்கிருந்தும் தெரியும். வழி தவற முடியாது. புல்லில் ஆள்காட்டிக் குருவியின் கூப்பாடு கேட்கும். நம் ஊர் ஆள்காட்டிக்கு நெருங்கிய சொந்தம், தலையில் கொண்டை உண்டு. குஞ்சு இருக்கும் சமயம், நீங்கள் பக்கத்தில் போனால் தலைக்கு மேல் பறந்து கத்தித் தீர்த்துவிடும். பேச்சுச் சத்தம் இல்லை என்றீர்களே, அதற்கு அந்தப் பறவை போதும்.

சாப்பாட்டு விஷயம்: சாயங்காலத்துக்கு வேண்டியதை நாலு மணிக்குள் வாங்கி வைத்துவிடுங்கள். ரொட்டிக்கடையில் சர்க்கரைக் கட்டி போட்டுச் சுட்ட இனிப்பு ரொட்டி கிடைக்கும், பட்டை வாசனையோடு. வெண்ணெய் தடவிச் சாப்பிடவேண்டும். உங்கள் கணவருக்குச் சர்க்கரை இல்லை என்றால் தாராளமாக வாங்குங்கள். ஐஸிங்கா வீட்டுக்கு எல்லா நாளும் ஒரே நேரம் இல்லை, எப்போது திறந்திருக்கும் என்று கிளம்பும் முன் பார்த்துவைக்கும்படி மகளிடம் சொல்லுங்கள்.

அப்புறம் ஒரு உதவி. நான் போயிருந்தபோது சனி உருண்டை உத்தரத்தில் எந்த இடத்தில் நின்றது என்று நோட்டில் ஒரு படம் போட்டு வைத்திருக்கிறேன், ஜன்னல் எந்தப் பக்கம், படுக்கை எந்தப் பக்கம் என்று குறித்து. நீங்களும் அதேபோல் ஒன்று வரைந்து அனுப்புங்கள். எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்று வைத்துப் பார்க்கலாம்.

அன்புடன்.