தட்டைத் தனியே வைக்க வேண்டுமா?

கேள்வி: தாராவியில் தொண்ணூறு அடி சாலைக்கு அருகே வசிக்கிறேன். வரும் மார்ச் 24 அன்று எங்கள் பகுதியில் நடக்கும் காசநோய் விழிப்புணர்வு முகாமில் எங்கள் மகளிர் குழு தொண்டு செய்யவிருக்கிறது. சென்ற ஆண்டு நாங்கள் கொடுத்த துண்டறிக்கையைப் பலரும் வாங்கிய வேகத்திலேயே மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்கள். ஒரு பெண்மணி மட்டும் திரும்பி வந்து, "மருமகனுக்கு டிபி. தட்டு, டம்ளரைத் தனியா வைக்கணுமா?" என்று காதோடு கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. இந்த ஆண்டு போனால் நோய் ஒட்டிக்கொள்ளும் என்று என் மாமியார் தடுக்கிறார். போகலாமா? போனால் என்ன பேசுவது? – வாசகி, மும்பை.

பதில்: தாராளமாகப் போகலாம். திறந்த வெளியில் சில மணி நேரம் நின்று பேசுவதால் நோய் வந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. நுரையீரல் காசநோய் உள்ளவர் இருமும்போது காற்றில் கலக்கும் கிருமியை, காற்றோட்டமில்லாத அறையில் நெடுநேரம் உடன் இருப்பவர்கள் சுவாசிப்பதாலேயே அது பெரும்பாலும் பரவுகிறது. ஆகவே தட்டும் டம்ளரும் குற்றவாளிகள் அல்ல. வழக்கம்போல் கழுவினால் போதும். அந்தப் பெண்மணி மீண்டும் வந்தால், மருமகன் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள். மருந்து சரியாக வேலை செய்தால், பொதுவாகச் சில வாரங்களிலேயே பிறருக்குப் பரப்பும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். அதுவரை வாயை மூடி இருமுவதும் சன்னலைத் திறந்து வைப்பதும் அவசியம்.

1882 மார்ச் 24 அன்று ராபர்ட் காக் பெர்லினில் இந்தக் கிருமியைக் கண்டறிந்ததை அறிவித்த கதையை மேடைப் பேச்சாளர்கள் சொல்லிக்கொள்ளட்டும். நீங்கள் சொல்ல வேண்டியது சென்னையின் கதை. அங்கே 1956இல் தொடங்கி 1959இல் முடிவு வெளியான ஆய்வில், ஏழைக் குடும்பத்து நோயாளிகளில் ஒரு பாதியினரைச் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையிலும் மறு பாதியினரை அவரவர் வீட்டிலும் வைத்து, ஓராண்டு ஒரே மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் இடநெருக்கடியும் சாப்பாட்டுக் குறையும் இருந்தும், அங்கிருந்தவர்கள் ஏறக்குறைய அதே அளவில் குணமடைந்தார்கள்; அவர்களுடைய குடும்பத்தினருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேரில் ஒருவராக வாழ்பவருக்கு இதைவிட ஆறுதலான செய்தி வேறு என்ன இருக்க முடியும்?

ஒலிபெருக்கியில், "இருமல் இருப்பவர்கள் முன்னே வாருங்கள்" என்று மட்டும் அழைத்துவிடாதீர்கள். வரன் பார்க்கும் வயதில் பெண் இருக்கும் வீட்டார் யாரும் வரமாட்டார்கள். ஓரமாக இரண்டு நாற்காலி போட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு உண்டா என்று தாழ்ந்த குரலில் விசாரியுங்கள். உண்டு என்பவரை அரசு மருத்துவமனைக்கோ மாநகராட்சி மருந்தகத்துக்கோ அனுப்புங்கள். பரிசோதனையும் மருந்தும் அங்கே இலவசம். பரிசோதனைக்குத் தரும் சளி டப்பாவில் எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் பலர். காலையில் எழுந்ததும் வாயைக் கொப்பளித்து, மூச்சை ஆழமாக இழுத்து, நெஞ்சின் அடியிலிருந்து இருமி எடுக்கும் கெட்டிச் சளிதான் தேவை என்பதையும், ஆளில்லாத திறந்த வெளியில் அதை எடுக்க வேண்டும் என்பதையும் செய்து காட்டியே விளக்குங்கள். கூச்சப்பட்டால் காரியம் நடக்காது.

சிகிச்சை வழக்கமாக ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், பிறகு மூன்று. ரிஃபாம்பிசின் மாத்திரையால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போவதைக் கண்டு, ரத்தம் என்று பயந்து நிறுத்துகிறவர்கள் உண்டு. அது மருந்தின் நிறம்தான். உணவுக்கென மத்திய அரசு வங்கிக் கணக்கில் செலுத்தும் உதவித்தொகை, 2024 நவம்பரிலிருந்து மாதம் 1000 ரூபாய் ஆகியிருக்கிறது.

என் அச்சமெல்லாம் கோடை விடுமுறையைப் பற்றித்தான். பிப்ரவரியில் மாத்திரை தொடங்கியவர் மே மாதத்தில் இருமல் நின்று, உடம்பு தேறி, கோயில் கொடைக்குத் திருநெல்வேலிக்கு ரயிலேறும்போது மாத்திரையை மும்பையிலேயே விட்டுவிடுகிறார். பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பலாம். மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியாகவும் மாறலாம். ஊருக்குப் போகுமுன் மருந்தகத்தில் சொன்னால், நிக்ஷய் என்ற அரசின் காசநோயாளர் பதிவின் வழியாக அந்த ஊரிலேயே சிகிச்சையைத் தொடர ஏற்பாடு செய்வார்கள். இந்த ஒன்றைத் துண்டறிக்கையின் முதல் வரியாகவே அச்சிட்டுவிடுங்கள்.