‘செட்’டுக்கு ஏன் இத்தனை பொருள்?

கேள்வி: ‘செட்’ என்ற ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு 430 பொருள் இருப்பதாகப் படித்தேன். ஒரே சொல்லை இத்தனை வேலைக்கு இழுக்கிறார்களே, ஆங்கிலத்தில் சொற்பஞ்சம் என்றுதானே அர்த்தம்? தமிழில் ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் இருக்கிறதே!

பதில்: எண்ணிக்கை சரி, முடிவு தவறு. 1989-ல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் ‘செட்’ என்ற வினைக்கு 430 பொருள் உண்டு. பிற்பாடு ‘ரன்’னைத் திருத்தி எழுதியபோது அந்த வினைக்கு 645 தேறியது. தொகுப்பாசிரியர் பீட்டர் கில்லிவருக்கு அந்த ஒரு சொல்லுக்கே ஒன்பது மாதம் பிடித்தது. ஆனால் நீங்கள் சொல்லும் அந்தப் பதிப்பு மொத்தம் 20 தொகுதிகள். சொற்பஞ்சம் பிடித்த மொழிக்கு 20 தொகுதி எதற்கு?

சரி, நம் ‘போடு’வை எடுத்துக்கொள்ளுங்கள். சட்டை போடுகிறோம், பூட்டுப் போடுகிறோம், கணக்குப் போடுகிறோம், கையெழுத்துப் போடுகிறோம், சண்டை போடுகிறோம். பூனை குட்டி போடுகிறது. ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள், ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு வினை வேண்டும். இதை வைத்து ஓர் ஆங்கிலேயர் தமிழில் சொற்பஞ்சம் என்று எழுதினால் ஒப்புக்கொள்வீர்களா? நாள் முழுக்கப் புழங்கும் சின்னச் சொல்லுக்குத்தான் பொருள் பெருகும். எந்த மொழியிலும் அப்படித்தான்.

அப்புறம், அந்த 430-ஐயும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. உட்காருவதைக் குறிக்கும் ‘சிட்’டின் பிறவினைதான் ‘செட்’. நம் ‘அமர் – அமர்த்து’, ‘இரு – இருத்து’ போல. இது பிடிபட்டால் மிச்சம் தானாக வரும். மோதிரத்தில் கல் பதிப்பது செட். முறிந்த எலும்பை நேராக்கிப் பொருத்துவது செட். அலார முள்ளை ஆறு மணியில் நிறுத்துவதும் அதுவே. எல்லாமே ஒன்றை அதற்குரிய இடத்தில் இருத்துவதுதான். ஊற்றிய கான்கிரீட் செட் ஆகிறது என்றால், இருந்த இடத்திலேயே இறுகிவிட்டது. சூரியன் மறைவதற்கும் இதே சொல்தானா என்று தோன்றும். பழைய ஆங்கிலத்தில் அதற்கு ‘செட்ல்கங்’ என்று பெயர்; தன் இருக்கைக்குப் போவது என்று பொருள். எனக்கு மிகவும் பிடித்த சொல் இது.

கூட்டம், தொகுதி என்ற பொருளில் வரும் பெயர்ச்சொல் ‘செட்’ மட்டும் வேறு வம்சம். லத்தீன் ‘செக்டா’ பிரெஞ்சு வழியாக வந்து, உருவ ஒற்றுமையால் இதோடு கலந்துவிட்டது. ‘ஓடு’ என்று விரட்டுகிறோமே, அதற்கும் நத்தையின் ஓட்டுக்கும் உள்ள உறவு மாதிரி.

நாமும் சும்மா இருக்கவில்லை. ‘இந்த வேலை எனக்கு செட் ஆகாது’ என்கிறோம். ஒத்துவராது என்று அர்த்தம். ஆங்கிலேயர் யாரும் அந்தச் சொல்லை அப்படிச் சொல்வதில்லை. அது முழுக்க முழுக்க நாம் கொடுத்த பொருள்.