ஊரில் பார்த்ததை ஆய்வுக் கேள்வியாக்குவது எப்படி?

கேள்வி: கிராமத்தில் வளர்ந்தவள், குடும்பத்தில் முதல் பட்டதாரி. பொது சுகாதாரத்தில் முதுநிலைப் படிப்பு முடியப் போகிறது. குழாய்த் தண்ணீர் வந்த பிறகும் எங்கள் பக்கத்தில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு குறையவில்லை. இதையே பிஎச்.டி.க்கு எடுக்க நினைக்கிறேன். "தலைப்பு ரொம்பப் பெரிது" என்கிறார் வழிகாட்டி. விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள், சுருக்குங்கள். யாரிடம், எந்தக் காரணத்தை, யாரோடு ஒப்பிட்டு, எதை அளந்து, எத்தனை நாளுக்குள் என்ற ஐந்தும் ஒரே வாக்கியத்தில் அடங்கினால்தான் அது ஆய்வுக் கேள்வி. உதாரணமாக: "ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில், தண்ணீரைத் திறந்த பாத்திரத்தில் கைவிட்டு மொள்ளும் வீடுகளில், மூடிய பாத்திரத்தில் குழாய் வைத்துப் பிடிக்கும் வீடுகளைவிட, கடந்த 14 நாளில் வயிற்றுப்போக்கு அதிகமா?"

'வயிற்றுப்போக்கு' என்பதற்கும் வரையறை வேண்டும். 24 மணி நேரத்தில் மூன்று முறையோ அதற்கு மேலோ தண்ணீராகப் போவது என்பதே வழக்கமான அளவுகோல். 14 நாளுக்கு மேல் பின்னோக்கிக் கேட்டால் தாய்மார்களுக்கு நினைவு தடுமாறும். லேசான நோய் கணக்கில் விட்டுப்போகும்.

தண்ணீரைக் குழாயடியில் மட்டும் பிடித்துச் சோதித்தால் பாதிக் கதைதான் கிடைக்கும். "குழந்தைக்குக் கொடுப்பது போலவே ஒரு டம்ளர் கொடுங்கள்" என்று வீட்டிலும் கேட்டு வாங்குங்கள். அவர் எந்தப் பாத்திரத்தைத் திறக்கிறார், விரல் தண்ணீரில் படுகிறதா என்பதையும் அப்போதே குறித்துக்கொள்ளலாம். கிருமி நீக்கிய 100 மி.லி. பாட்டில், உள்ளே குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்ஃபேட், பனிக்கட்டிப் பெட்டி மூன்றும் அவசியம். தயோசல்ஃபேட் இல்லாவிட்டால் பாட்டிலுக்குள்ளேயே குளோரின் கிருமியைக் கொன்றுவிடும்; அசுத்தத் தண்ணீரும் சுத்தம் போலத் தெரியும்.

விதிவிலக்கு வீடுகளை ஒதுக்காதீர்கள். 1854இல் லண்டன் பிராட் தெருக் காலராவை ஆராய்ந்த மருத்துவர் ஜான் ஸ்னோவுக்கு வலுவான சான்றுகளில் ஒன்று, வெகுதூரத்தில் ஹாம்ப்ஸ்டெட்டில் இறந்த ஒரு பெண்மணி. பிராட் தெரு அடிகுழாய்த் தண்ணீரை வரவழைத்துக் குடித்தவர் அவர்.

ஊர்க்காரி என்பது உங்கள் பலம்: எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று தெரியும். பதிலும் தெரியும் என்று நினைத்துக் கேட்காமலே நிரப்பிவிடுவதுதான் ஆபத்து. தெரிந்தவர்கள் உங்களுக்குப் பிடித்த பதிலைச் சொல்வார்கள், ஒப்புதல் படிவத்தில் 'வேண்டாம்' என்று சொல்லவும் கூச்சப்படுவார்கள். சொந்த ஊரை விட்டுவிட்டு, அதே மாதிரியான வேறு ஊர்களை எடுங்கள். அறநெறிக் குழுவின் அனுமதி கைக்கு வரும்வரை ஒரு வீட்டிலும் தரவு சேகரிக்காதீர்கள். முன்னதாகச் சேகரித்ததை ஆய்வில் சேர்க்க முடியாது.

கேள்வி: மாதிரி அளவு, அதாவது ஆய்வில் சேர்ப்போர் எண்ணிக்கை, 400 என்று எழுதினேன். "ஏன் 400?" என்று கேட்டார்கள். பதில் சொல்லத் தெரியவில்லை.

பதில்: ஒரு நோயின் பரவலை, அதாவது நூற்றுக்கு எத்தனை பேருக்கு இருக்கிறது என்பதை, மட்டும் அளப்பதானால் கணக்கு எளிது. பரவல் 20 சதவீதம் இருக்கும் என்றும், 5 சதவீதம் முன்பின் தவறலாம் என்றும் வைத்தால்: 1.96 × 1.96 × 0.2 × 0.8 ÷ (0.05 × 0.05) = 246. இதில் 1.96 என்பது 95 சதவீத நம்பிக்கைக்கான எண். பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். நீங்கள் ஊர் ஊராகத் தேர்ந்தெடுக்கிறீர்கள். ஒரே ஊர் வீடுகள் ஒன்றைப்போல ஒன்று இருக்கும் என்பதால் ஒவ்வொரு வீடும் புதுத் தகவல் தராது. அதற்காக 2ஆல் பெருக்கினால் 492. பத்தில் ஒருவர் மறுப்பார் என்று 0.9ஆல் வகுத்தால் 547. அந்த 2ஐ எந்த முந்தைய ஆய்விலிருந்து எடுத்தீர்கள் என்று அடுத்துக் கேட்பார்கள், தயாராக இருங்கள். இரண்டு பிரிவு வீடுகளை ஒப்பிடுவதானால் சூத்திரமே வேறு. புள்ளியியலாளரிடம் களத்துக்குப் போகும் முன்பே போய் உட்காருங்கள்.

கேள்வி: பிஎச்.டி.க்கு வழிகாட்டியாக இருக்கச் சொல்லி ஒரு பேராசிரியருக்கு முதல் கடிதம் எப்படி எழுதுவது?

பதில்: ஒரு பக்கம் போதும். அவருடைய கட்டுரைகளில் இரண்டையாவது முழுதாகப் படித்து, உங்கள் கேள்வி எங்கே ஒட்டுகிறது என்று இரண்டு வரி எழுதுங்கள். குடும்பக் கஷ்டத்தை விரிக்க வேண்டாம். செய்த களப்பணியைச் சொல்லுங்கள். சேரும் முன் உதவித்தொகை எத்தனை ஆண்டுக்கு, களச் செலவு யாருடையது, கட்டுரையில் முதல் பெயர் யாருக்கு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.