பச்சை பெயிண்டுக்கு அடியில்

பழைய இரும்புச் சைக்கிள்: வாசகர் கேள்விகள்

பினாங்கு டத்தோ கிராமாட் ரோட்டுப் பக்கம் முப்பத்தெட்டு வருடம் சைக்கிள் கடை வைத்திருந்தேன். கடையை மூடியாகிவிட்டது. இப்போது வீட்டுப் பின்கட்டில் எனக்குப் பிடித்த வண்டிகளை மட்டும் பிரித்துப் பூட்டிக்கொண்டிருக்கிறேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் ஒன்றுக்கு மட்டும் பதில் நீண்டுவிட்டது. அது நீள வேண்டிய கடிதம்தான்.

கேள்வி: ஒரு பழைய ராலி சைக்கிள் வாங்கியிருக்கிறேன். 1940-களில் வந்தது என்று சொல்லி விற்றார்கள். அதை எப்படித் தெரிந்துகொள்வது? அதோடு, மூன்று கியரில் நடுவிலிருந்து மேலே மாற்றும்போது சில சமயம் பெடல் பிடிமானமே இல்லாமல் சும்மா சுற்றுகிறது. ஹப் போய்விட்டதா? (வாசகர், செந்தூல்)

பதில்: ஹப் போகவில்லை, பயப்படாதீர்கள். முதலில் வயதைப் பார்ப்போம். பின் சக்கர ஹப்பை, அதாவது கியர் அடங்கியிருக்கும் நடுக் குடத்தை, மண்ணெண்ணெய் தொட்ட துணியால் நன்றாகத் துடையுங்கள். ஸ்டர்மி ஆர்ச்சர் என்று பெயரும், ஏடபிள்யூ என்று எழுத்தும், பக்கத்தில் எண்களும் குத்தியிருக்கும். 58, அப்புறம் ஒரு 3 இருந்தால் 1958 மார்ச்சில் செய்த ஹப். இந்த ஏடபிள்யூ ஹப் 1936-இல் வந்தது. ஆனால் ஒன்று: அது ஹப்பின் வயது, வண்டியின் வயது இல்லை. நம் ஊரில் சக்கரம் மாற்றாத வண்டி அபூர்வம். எண் பிந்தியதாக இருந்தால் விற்றவர் பொய் சொன்னார் என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள்.

கியர் விஷயம் கேபிள் விஷயம். அந்த ஹப்பில் நடுக் கியருக்கும் மேல் கியருக்கும் இடையில் எதையும் பிடிக்காத ஓர் இடம் உண்டு. கேபிள் தளர்ந்தால் கால் அங்கே போய் விழும். கியரை நடுவில் வைத்துக்கொண்டு, வலது பக்க ஆக்சில் நட்டில் இருக்கும் துளை வழியாகப் பாருங்கள். கேபிள் நுனியில் இருக்கும் சின்னச் சங்கிலியோடு சேர்ந்த கம்பியின் தோள்பட்டை ஆக்சிலின் நுனியோடு சமமாக நிற்க வேண்டும். உள்ளே போயிருந்தால் கேபிளை இழுத்துக் கட்டுங்கள், வெளியே வந்திருந்தால் தளர்த்துங்கள். நின்றுகொண்டு மிதிக்கும்போது கியர் நழுவினால் ஆள் முன்னால் விழுவார். அதனால் இதைச் சரிசெய்யாமல் ரோட்டுக்குப் போக வேண்டாம். ஹப்பின் உடம்பில் ஒரு சின்ன மூடி இருக்கும். அதைத் திறந்து மாதத்துக்கு நாலைந்து சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டால் போதும். கிரீஸை அடைத்தால் உள்ளே இருக்கும் சின்ன நாக்குகள் ஒட்டிக்கொண்டு எழும்பாது.

கேள்வி: அப்பா நிபோங் திபால் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அவருடைய ராலி சைக்கிள் எங்கள் பின்கட்டில் பதினைந்து வருடமாக நிற்கிறது. வீட்டு ஜன்னலுக்கு அடித்த பச்சை பெயிண்டையே யாரோ அதன் மேலும் அடித்திருக்கிறார்கள். அண்ணன், மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்து, பவுடர் கோட்டிங் போட்டு, குரோம் பூசி, தீபாவளிக்குள் புதுசாக்கிவிடலாம் என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் காரணம் சொல்லத் தெரியவில்லை. (ஆசிரியை, புக்கிட் மெர்தாஜாம்)

பதில்: தங்கச்சி, காரணம் நான் சொல்கிறேன். அண்ணனிடம் இதைக் காட்டுங்கள்.

பத்தொன்பது வயதில் நானும் உங்கள் அண்ணன் நினைப்பதைத்தான் செய்தேன். என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அவருடைய வண்டி தாத்தா வாங்கிய பி.எஸ்.ஏ. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பாரில் ஒரு துண்டைச் சுற்றிக் கட்டி, அதன் மேல் என்னை உட்காரவைத்துத்தான் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவார். மழையில் நனைந்த துண்டு நாள் கணக்கில் காயாமல் கிடக்கும். அந்த ஈரம் பெயிண்டுக்குள் இறங்கி, பாரில் ஒரு சாண் அகலத்துக்குப் பொரிப்பொரியாகத் துரு பிடித்திருந்தது. கடையில் வேலை கற்றுக்கொண்ட புதிதில், அப்பாவை மகிழ்விக்க அந்த வண்டியை முழுக்க எமரித் தாளால் தேய்த்து, வழவழவென்று வெள்ளி நிறம் அடித்துக் கொண்டுபோய் நிறுத்தினேன். அப்பா சுற்றிவந்து பார்த்தார். நல்லா இருக்குடா என்றார். அப்புறம் பாரின் மேல் கையை வைத்து முன்னும் பின்னும் தடவினார். "நீ உக்காந்த இடம் எங்கடா?" என்று கேட்டார். அவ்வளவுதான். அந்த ஒரு சாண் துருவை என்னால் திரும்பக் கொண்டுவர முடியவில்லை.

இப்போது உங்கள் வண்டிக்கு வருகிறேன். அது பால் சுமந்த வண்டி. கேரியரின் மூலைகளில், வெல்டு ஓரங்களில் விரலை விட்டுப் பாருங்கள். கறுப்பாக, நரம்பு மாதிரி ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கும். அது அழுக்கு இல்லை, ஒட்டுப்பால். அப்பா ஸ்டோருக்குக் கொண்டுபோகும் வழியில் வாளியிலிருந்து சிந்தி அங்கேயே கட்டியது. வாளியின் கைப்பிடி தொங்கிய இடத்தில் இரும்பு தேய்ந்து பளபளப்பாக ஒரு பள்ளம் இருக்கும். மணல் பீய்ச்சினால் இரண்டும் போய்விடும். பவுடர் கோட்டிங் ஒரு கெட்டியான தோல். குழாய்கள் சேரும் இடத்தில் இருக்கும் லக்குகளின் கூரான ஓரம், ஃபிரேமில் குத்திய நம்பர் எல்லாவற்றையும் அது மூடி மழுக்கிவிடும்.

ஆகவே முதல் வேலை கழுவுவது. சோப்புத் தண்ணீர், பழைய பல் துலக்கும் பிரஷ், காய்ந்த துணி. அன்றைக்கு வேறு எதுவும் வேண்டாம்.

அடுத்த நாள் பச்சை பெயிண்டு. ராலி தொழிற்சாலையில் அடித்த கறுப்பு, சூளையில் வைத்துச் சுட்ட எனாமல், கடினமானது. மேலே அடித்த வீட்டுப் பெயிண்டு அவ்வளவு கடினம் இல்லை. வண்டியைக் கவிழ்த்து, பெடல் அச்சுக்கு அடியில் யார் கண்ணுக்கும் படாத இடத்தில் பஞ்சில் கொஞ்சம் தின்னர் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்புப் பக்கம் போகாதீர்கள். பச்சை இளகியதும் நகத்தால், இல்லையென்றால் பழைய பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டுங்கள். உடனே துடைத்துவிடுங்கள். அடியில் கறுப்பு தெரிந்தால் பொறுமையாக மேலே வாருங்கள். ஸ்டிக்கர் எழுத்தும், மட்கார்டில் ஓடும் தங்கக் கோடும் தின்னருக்குத் தாங்காது. அந்த இடங்களில் நகம் மட்டும்தான்.

இந்த வேலையை எத்தனையோ வண்டிகளுக்குச் செய்திருக்கிறேன், இன்னும் அலுக்கவில்லை. பச்சை ஒரு பொருக்காகப் பெயர்ந்து வரும்போது அடியில் ஈரமான கருங்கல் மாதிரி ஒரு கறுப்பு எட்டிப் பார்க்கும் பாருங்கள், அதற்காகவே ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுசாகக் கொடுக்கலாம். சங்கிலியை இழுக்கும் பெரிய பல்சக்கரத்தையும் துடைத்துப் பாருங்கள். அது மாற்றப்படாத ராலி என்றால் வட்டத்துக்குள் மூன்று நாரைத் தலைகள் நீண்ட அலகோடு நிற்கும். ஹேண்டில் பாருக்குக் கீழே இருக்கும் தகட்டிலும் அதே நாரை இருக்கும்.

குரோமுக்குக் கடைக்குப் போக வேண்டாம். சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். துரு சாம்பல் நிறச் சேறாக வழியும்; துடைத்தால் பளபளப்பு வரும். குரோம் உரிந்துபோன இடம் உரிந்தபடிதான் இருக்கும். எண்ணெய் தடவி விடுங்கள்.

கழற்றிய சின்னச் சாமான்களின் துருவுக்கு எங்கள் அம்மா வழி ஒன்று உண்டு. மீன் குழம்புக்குப் போடும் புளிப்பான பெலிம்பிங் பூலோ காய். அதில் ஆக்சாலிக் அமிலம் நிறைய இருக்கிறது. மலாய்க்காரர்கள் கிரிஸ் கத்தியைச் சுத்தம் செய்ய இந்தச் சாறைப் பயன்படுத்துவார்கள். காயை நறுக்கி நசுக்கி, நட்டு போல்ட்டுகளை அந்தச் சாற்றில் ஒரு ராத்திரி போட்டு வையுங்கள். காலையில் கழுவி, சோடா உப்புத் தண்ணீரில் முக்கி, வெயிலில் காயவைத்து உடனே எண்ணெய் போடுங்கள். பினாங்குக் கடல் காற்றில் சுத்தமான இரும்பு ஒரு நாள்கூடத் தாங்காது.

மாற்ற வேண்டியதைத் தயங்காமல் மாற்றுங்கள். டயர், டியூப், பிரேக் கட்டை, பேரிங் கப்புக்குள் இருக்கும் பால்ஸ் (இரும்புக் குண்டுகள்) எல்லாம் புதிதாகப் போடுங்கள். பழைய பால்ஸோடு புதியதைக் கலக்கக் கூடாது, பாரம் எல்லாம் பெரிய குண்டு மேல் விழும். முழுசாகப் பிரித்துப் பூட்டி ஒரு ஓவராயில் செய்து, ரிம்முக்குக் கோட்டம் எடுத்துவிட்டால் வண்டி ஓடும். இரும்பு ரிம்மில் மழை நேரத்தில் பிரேக் சரியாகப் பிடிக்காது என்பதை மட்டும் ஓட்டுகிறவரிடம் சொல்லிவிடுங்கள்.

பச்சைக்கு அடியில் கறுப்பே இல்லை, துருதான் என்றால் என்ன செய்வது? அப்போது பெயிண்டு அடிக்கலாம், அதில் தப்பில்லை. ஆனால் பிரஷ்ஷில் மெல்லிய கறுப்பு எனாமல் அடியுங்கள். வாளி தேய்த்த பள்ளத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அங்கே மெழுகு பூசினால் போதும்.

கேள்வி: கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) ஆடுகிறது. அதை அச்சோடு இறுக்கும் காட்டர் பின்னை எவ்வளவு அடித்தும் வரவில்லை. மரை நசுங்கியதுதான் மிச்சம். (கல்லூரி மாணவர், ஆயர் ஈத்தாம்)

பதில்: தம்பி, கீழே முட்டுக் கொடுக்காமல் அடித்திருப்பீர்கள். அப்படி அடித்தால் அடியெல்லாம் உள்ளே இருக்கும் பால்ஸுக்கும் கப்புக்கும்தான் போகும்.

முந்தின ராத்திரியே எண்ணெய் விட்டு ஊறவையுங்கள். பின்னின் தலை கீழே இறங்கி வர இடம் விடுகிற மாதிரி, தடித்த இரும்புக் குழாய் ஒன்றைக் கிராங்குக்கு அடியில் தரையிலிருந்து செங்குத்தாக நிறுத்துங்கள். நட்டை முழுக்கக் கழற்றாமல் பின்னின் நுனியோடு சமமாக விட்டால் மரை பிழைக்கும். கனமான சுத்தியலால் நேராக ஒரே அடி. பத்துச் சின்ன அடி அந்த ஒரு அடிக்கு ஈடாகாது. உங்கள் பின்னில் மரை ஏற்கெனவே நசுங்கிவிட்டதால் நுனியை அறுத்துவிட்டு, மிச்சத்தைத் துளை போட்டு எடுக்க வேண்டி வரலாம்.

புதுப் பின் வாங்கும்போது பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள். ராலிக்கு 9.5 மி.மீ., வேறு பல வண்டிகளுக்கு 9 மி.மீ. இரண்டு பக்கப் பின்னும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் இறங்க வேண்டும். இல்லாவிட்டால் பெடல்கள் ஒரே நேர்கோட்டில் நிற்காது. சாய்வான முகத்தை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக ராவி, பொருத்திப் பார்த்துப் பார்த்துப் போடுங்கள். முப்பது கிலோமீட்டர் ஓட்டிய பிறகு நட்டை இன்னொரு தடவை முடுக்குங்கள்.

கேள்வி: லோரோங் கூலிட் சந்தையில் ஒரு ரேஸ் ஃபிரேம் பார்த்தேன். ரெய்னால்ட்ஸ் 531 குழாயில் செய்தது என்கிறார் கடைக்காரர். ஆனால் ஸ்டிக்கர் இல்லை. நம்பலாமா? (வாசகர், ஜெலுத்தோங்)

பதில்: சீட் கம்பியைக் கழற்றி அதன் குறுக்களவைப் பாருங்கள். 27.2 மி.மீ. என்றால் நம்பிக்கை வைக்கலாம். மட்டமான குழாய்க்குச் சுவர் தடிப்பு, அதனால் உள் துளை சின்னது. 531 என்பது 1935-இல் வந்த மாங்கனீஸ் மாலிப்டினம் எஃகு. அந்தக் குழாய்களை நுனியில் தடிப்பாகவும் நடுவில் மெல்லியதாகவும் இழுத்துச் செய்வார்கள். பற்றவைக்கும் சூட்டையும் பாரத்தையும் நுனி தாங்கும், எடையை நடுப்பகுதி குறைக்கும்.

அளவு சரியாக இருந்தாலும் லக் ஓரங்களைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். பெயிண்டில் தலைமுடி மாதிரி ஒரு துருக்கோடு ஓடினால் அடியில் விரிசல் இருக்கலாம். விரிசல் குழாயிலா பெயிண்டிலா என்று அந்த இடத்தை மட்டும் சுரண்டிப் பாருங்கள். விற்கிறவர் சுரண்ட விடவில்லை என்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

கேள்வி: ஜப்பான்காரன் சைக்கிளில் வந்து மலாயாவைப் பிடித்தான் என்று தாத்தா சொல்வார். உண்மையா? (ஐந்தாம் படிவ மாணவி, பட்டர்வொர்த்)

பதில்: உண்மைதான் கண்ணு. 1941 டிசம்பர் 8-ஆம் தேதி கோத்தா பாருவில் இறங்கினார்கள். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தது. லாரி போக முடியாத ரப்பர் தோட்டப் பாதையிலும், பாலம் உடைந்த ஆற்றிலும் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். போருக்கு முன்பே ஜப்பான் சைக்கிள்கள் இங்கே விலைக்கு வந்திருந்ததால் சாமானும் கிடைத்தது. கண்ணில் பட்ட உள்ளூர்க்காரர் வண்டிகளையும் பிடுங்கிக்கொண்டார்கள். டயர் வெடித்தால் கழற்றிப் போட்டுவிட்டு வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்கள். ராத்திரி தார் ரோட்டில் அந்தச் சத்தம் டாங்கி வருகிற மாதிரி கேட்குமாம்.

எங்கள் பாட்டி அதைக் கேட்டவர். அப்போது குடும்பம் சுங்கை பட்டாணிப் பக்கம் தோட்டத்தில் இருந்தது. விடிவதற்குள் தாத்தா தன் பி.எஸ்.ஏ.யின் முன் சக்கரத்தைக் கழற்றிக் கயிறு கட்டிக் கிணற்றில் இறக்கிவிட்டார். ஒற்றைச் சக்கர வண்டியை யாரும் கொண்டுபோகவில்லை. எட்டு மாதம் கழித்து வெளியே எடுத்தபோது ரிம் ஒரு பக்கம் முழுக்கப் புள்ளி புள்ளியாக அரித்திருந்தது.

மேலே ஆசிரியைக்குச் சொன்னேனே, நான் தேய்த்துப் பெயிண்டு அடித்த வண்டி, அதுதான் இது. அன்றைக்குக் கையில் காசு இருந்திருந்தால் ரிம்மையும் மாற்றியிருப்பேன். காசு இல்லாததால் அது தப்பித்தது. இன்றைக்கும் பிரேக் பிடித்தால் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் அந்த அரிப்பு ஒரு தடவை கட்டையில் உரசி, ஹேண்டில் பார் வழியாக உள்ளங்கைக்கு வரும். பள்ளி விடுமுறையில் ஃபெரி ஏறி இந்தப் பக்கம் வந்தால் ஓட்டிப் பார், தாத்தாவையும் கூட்டிக்கொண்டு வா.