டபுள் ஸ்ட்ராங் காபி போதையை இறக்குமா?

கேள்வி: என் கணவருக்கு 52 வயது. சர்க்கரைக்கு கிளிமிபிரைடு மாத்திரை போடுகிறார். சொந்தபந்தத்தில் கல்யாணம், சாந்தி என்றால் பங்காளிகளோடு ஒரு குவார்ட்டர் பிராந்தி. பிறகு டிகாக்‌ஷன் தூக்கலாக இரண்டு டம்ளர் காபி குடித்துவிட்டு, ‘தெளிஞ்சிருச்சு’ என்று காரைக்குடியிலிருந்து காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார். காபி போதையை இறக்குமா? இரண்டும் சேர்ந்தால் கெடுதலா? அவருக்குத் தெரியாமல் காபியில் கலந்து கொடுக்க ஒருவர் பொடி தருகிறேன் என்கிறார், வாங்கலாமா?
வாசகி, தேவகோட்டை

பதில்: இறக்காது. தூக்கத்தை மட்டும் விரட்டும்.

தூக்கம் வரவைக்கும் அடினோசின் என்ற பொருள் மூளையில் இருக்கிறது. மது அதைக் கூட்டும். காபியில் உள்ள காஃபின், அது போய் உட்காரும் இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் கொட்டாவி நிற்கிறது, பேச்சில் சுறுசுறுப்பு வருகிறது. ரத்தத்தில் உள்ள மது துளியும் குறைவதில்லை. பிரேக்கை மிதிக்கும் கால் அதே தாமதத்தோடுதான் மிதிக்கும். காபி இல்லாவிட்டால் தூக்கக் கலக்கத்தைப் பார்த்தாவது யாராவது சாவியைப் பிடுங்கியிருப்பார்கள். காபி அதையும் கெடுத்துவிடுகிறது.

மதுவைக் கரைப்பது கல்லீரல். அதன் வேகம் மணிக்கு ஏறக்குறைய 7 முதல் 10 கிராம். குளித்தாலும், மோர் குடித்தாலும் அது கூடாது. 42.8 சதவீத பிராந்தி 180 மில்லியில் சுமார் 61 கிராம் சுத்த மது இருக்கிறது. அது தீர 6 முதல் 9 மணி நேரம் ஆகும். இரவு 10 மணிக்குக் குடித்து முடித்தவர், விடிகாலை முகூர்த்தத்துக்குக் காரை எடுத்தாலும் மிச்சம் இருக்கும். சட்டம் அனுமதிப்பது 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம்தான். மீறினால் முதல் முறையே 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். காபி வாசம் ஊதும் கருவியை ஏமாற்றாது. அது அளப்பது நுரையீரலிலிருந்து வரும் மதுவை. பாட்டிலில் உடல்நலத்துக்குக் கேடு என்று அச்சடிக்க இடம் இருக்கிறது. ‘இதைக் குடித்தால் இத்தனை மணி நேரம் வண்டி ஓட்டாதே’ என்று உருப்படியாக ஒரு வரி போட மட்டும் இடமில்லை!

கெடுதல் என்று கேட்டால், படபடப்பு, நெஞ்செரிச்சல், அரைகுறைத் தூக்கம். குடித்து 5 மணி நேரம் கழித்தும் காஃபினில் பாதி உடம்பில் இருக்கும். அதைவிடப் பெரிய கெடுதல், ‘நான் நல்லாத்தான் இருக்கேன்’ என்று அடுத்த ரவுண்டுக்குப் போவது. எனர்ஜி டிரிங்கில் ஊற்றிக் குடிக்கும் இளசுகளுக்கும் இதே கதைதான்.

மாத்திரை விஷயத்தை ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அதுதான் பயம். கிளிமிபிரைடு சர்க்கரையை இறக்கும். வயிற்றில் சோறு இல்லாமல் மது போனால், கல்லீரல் புதிதாகச் சர்க்கரை தயாரிப்பதும் தடைபடும். இரண்டும் சேர்ந்து நள்ளிரவில்கூடச் சர்க்கரையைக் கீழே தள்ளும். வியர்வை, நடுக்கம், குளறல், உளறல் எல்லாம் வரும். பார்ப்பவர்கள் ‘ஏறிருச்சு, படுக்க வையுங்க’ என்பார்கள். படுக்க வைக்காதீர்கள், குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால், அல்லது கருவியே இல்லாவிட்டால், 3 அல்லது 4 தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். சர்க்கரை போடாத காபி இங்கே வெறும் வெந்நீர்தான். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, சரியானதும் இட்லியோ சோறோ சாப்பிட வையுங்கள். இரவில் ஒரு முறை எழுப்பியும் பாருங்கள். எழுப்பினால் எழவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், காபி உட்பட, மூச்சுக்குழலுக்குள் போகும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள்.

இனி அந்தப் பொடி. வாங்கவே வாங்காதீர்கள். ‘பச்சிலை, பக்கவிளைவு இல்லை’ என்று சொல்லி விற்கும் ஆட்களிடம், உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதித் தரச் சொல்லுங்கள், இடத்தைக் காலி செய்வார்கள். இப்படிப்பட்ட பொட்டலத்தில், குடியை நிறுத்தத் தரும் டைசல்ஃபிராம் மாத்திரையை இடித்துப் போட்டிருந்தால் உங்களால் கண்டுபிடிக்க முடியாது. அது மருத்துவர் சீட்டில் மட்டும் தர வேண்டிய மருந்து. குடிப்பவர் தெரிந்து, சம்மதித்து, கடைசியாகக் குடித்து 12 மணி நேரமாவது கடந்த பிறகே தொடங்க வேண்டும். தெரியாமல் கொடுத்து, அதன் மேல் அவர் பிராந்தி குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழுந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். வீட்டுப் பெண் கையால் விஷம் வைத்த கணக்காகும். பொடி கொடுத்த ஆள் அப்போது போனை எடுக்க மாட்டார். மருந்துக் கடைகளைச் சோதிக்க வேண்டியவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

விசேஷத்துக்கு மட்டும் குடிக்கிறவர் என்றால், அன்று குடிக்காத ஒரு மைத்துனரிடம் கார் சாவியைக் கொடுத்து வையுங்கள், மேலே சொன்னபடி சர்க்கரையையும் பாருங்கள். தினசரிப் பழக்கமாகிவிட்டது என்றால் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள், அல்லது அரசின் மனநல உதவி எண் 14416-ல் பேசுங்கள். திடீரென்று நிறுத்த வைத்தால் வலிப்பு வரலாம், அதனால் வீட்டு வைத்தியம் வேண்டாம். பொடியை ஏற்கெனவே கலந்துவிட்டீர்கள் என்றால் மறைக்காமல் அவரிடமே சொல்லுங்கள். கடைசி வேளையிலிருந்து 14 நாட்கள் மது வாசனையே ஆகாது. மூச்சுத்திணறல் வந்தால் 108-தான். மிச்சப் பொட்டலத்தை எறிந்துவிடாமல் மருத்துவரிடம் காட்டக் கையோடு எடுத்துப் போங்கள்.