அமெரிக்க அதிபர் தேர்தலில் ஜெயிக்கக்கூடியவர் யார்? புதிதாக வந்த தம்பிக்கு ஒரு பதில்

அன்புள்ள தம்பி,

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வேலை விசாவில் இங்கு வந்திருக்கும் நீங்கள் கேட்டிருப்பது இதுதான். அலுவலகத்தில் மதிய உணவு வேளையில் அரசியல் பேச்சு வரும்போதெல்லாம், "நல்லவர்தான், ஆனால் ஜெயிக்க மாட்டார்" என்று சொல்லி வேட்பாளர்களை ஒதுக்கிவிடுகிறார்கள். அதிபர் தேர்தலில் ஜெயிக்கக்கூடியவர் என்று ஒருவரை எதை வைத்துத் தீர்மானிக்கிறார்கள்? உங்கள் ஊருக்கு அருகிலுள்ள துளசேந்திரபுரத்தைப் பூர்வீகமாகக் கொண்டவரின் பேத்தி கமலா ஹாரிஸ் 2024இல் தோற்றது, நிறத்தாலும் பெண் என்பதாலும்தானா?

அரசியல் சாசனம் கேட்பது மிகக் குறைவு. பிறப்பால் குடிமகனாக இருக்க வேண்டும், 35 வயது நிரம்பியிருக்க வேண்டும், 14 ஆண்டுகள் இந்நாட்டில் வசித்திருக்க வேண்டும். அதற்கு மேல் பேசப்படுவதெல்லாம் ஊகம். "இவர் ஜெயிக்க மாட்டார்" என்று சொல்பவர் தம்முடைய விருப்பத்தைச் சொல்வதில்லை. தாம் பார்த்தே இராத, வேறு மாநிலத்தில் வாழும் சிலர் இவருக்கு ஓட்டுப் போடுவார்களா என்று கணக்குப் போடுகிறார். அந்தக் கணக்கு இங்கே தப்பிய தருணங்கள் ஏராளம் என்பதால், அதை ஒருவருடைய தகுதிச் சான்றிதழாக நான் எடுத்துக்கொள்வதில்லை.

அந்த வேறு மாநிலத்தவர் யார் என்பதற்கு விடை தேர்தல் முறையிலேயே இருக்கிறது. அதிபரை நாடு முழுவதும் பதிவான மொத்த ஓட்டு தீர்மானிப்பதில்லை. மாநிலவாரியாகப் பிரித்தளிக்கப்பட்ட 538 தேர்வாளர்களின் (மக்கள் சார்பில் அதிபரைத் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகள்) ஓட்டுகளில் 270ஐப் பெறுபவரே அதிபர். மெய்ன், நெப்ராஸ்கா தவிர மற்ற மாநிலங்களில் ஓர் ஓட்டு கூடுதலாகப் பெற்றவருக்கும் அம்மாநிலத்தின் தேர்வாளர்கள் அனைவரும் போய்விடுவார்கள். 2020இல் டிரம்புக்கு டெக்சாஸில் கிடைத்ததைவிட அதிகமான ஓட்டுகள் கலிபோர்னியாவில் கிடைத்தன. அந்த அறுபது லட்சம் ஓட்டுகளால் அவருக்கு ஒரு தேர்வாளர்கூடக் கிடைக்கவில்லை. 2016இல் ஹிலாரி கிளின்டன் நாடு முழுவதும் ஏறத்தாழ 29 லட்சம் ஓட்டுகள் கூடுதலாகப் பெற்றும், மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா ஆகிய மூன்றிலும் சேர்த்து எண்பதாயிரத்துக்கும் குறைவான ஓட்டு வித்தியாசத்தில் அதிபர் பதவியை இழந்தார்.

நான் பல ஆண்டுகளாக பென்சில்வேனியாவில், பிலடெல்பியாவின் புறநகர் ஒன்றில் வசிக்கிறேன். தேர்தல் ஆண்டின் அக்டோபரில் எங்கள் தபால் பெட்டி துண்டறிக்கைகளால் நிரம்பி வழியும். ஒரே மாலையில் இரு கட்சியினரும் கதவைத் தட்டுவார்கள். டெலவேர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூ ஜெர்சியில் இருக்கும் உறவினர் வீடுகளில் அந்த ஆரவாரத்தில் பாதிகூட இருக்காது, ஏனெனில் அவர்களுடைய 14 தேர்வாளர்கள் எந்தப் பக்கம் போவார்கள் என்பது ஏற்கெனவே முடிவானதாகவே எல்லோரும் கருதுகிறார்கள். ஆகவே ஒருவர் ஜெயிக்கக்கூடியவர் என்றால், இன்றைய நிலையில் அரிசோனா, நெவாடா, ஜார்ஜியா, வட கரோலினா ஆகியவற்றோடு மேற்சொன்ன மூன்றையும் சேர்த்த ஏழு மாநிலங்களில், எந்தக் கட்சியிலும் நிலைகொள்ளாத ஒரு சிறு கூட்டத்துக்கு அவர் உவப்பானவர் என்றுதான் பொருள்.

சிக்கல் என்னவென்றால், வேட்பாளரைப் பொறுக்கி எடுப்பவர்கள் இந்தக் கூட்டத்தார் அல்லர். 1968இல் ஹூபர்ட் ஹம்ப்ரி பிரைமரி எனப்படும் உட்கட்சித் தேர்தல் எதிலும் போட்டியிடாமலேயே, கட்சிப் பெரியவர்களின் தயவில் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரானார். அதனால் எழுந்த கொந்தளிப்புக்குப் பின் விதிகள் மாறி, 1972 முதல் கட்சி வாக்காளர்களே வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த விதிகளைத் திருத்திய குழுவுக்குத் தலைமை தாங்கிய ஜார்ஜ் மெக்கவர்னே அவ்வாண்டு வேட்பாளராகி, 49 மாநிலங்களில் தோற்றார். முன்னதாகவே பிரைமரி நடத்தும் மாநிலங்களுக்கு இதில் தனிச் செல்வாக்கு உண்டு. நவம்பரில் நாடே உற்றுப்பார்க்கும் எங்கள் பென்சில்வேனியாவில் பிரைமரி ஏப்ரலில்தான் நடக்கிறது என்பதால், பெரும்பாலான தேர்தல்களில் அதற்குள் விஷயம் முடிந்துவிடுகிறது.

இந்த ஊகம் எப்படி உருவாகி எப்படி உடைகிறது என்பதற்கு ஒபாமாவும் ஹிலாரியும் மோதிய 2008 ஜனநாயகக் கட்சிப் பிரைமரியை விடச் சிறந்த சான்று கிடையாது. 2007இல் தென் கரோலினாவின் கறுப்பின வாக்காளர்களில் பலர் ஒபாமாவை விரும்பவில்லை என்பதல்ல. வெள்ளையர்கள் இவருக்கு ஓட்டுப் போட மாட்டார்கள், நம் ஓட்டு வீணாகும் என்று தயங்கி ஹிலாரி பக்கம் நின்றார்கள். ஜனவரி 3 அன்று, மக்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வெள்ளையராக இருந்த அயோவாவில் ஒபாமா வென்றார். அதே மாதம் 26ஆம் தேதி தென் கரோலினாவில் அவர் பெற்றது ஹிலாரி பெற்றதைப் போல் இரு மடங்கு. இடைப்பட்ட மூன்று வாரங்களில் ஒபாமா மாறிவிடவில்லை. அவரைப் பற்றிய கணக்குதான் மாறியது.

2020இல் அதே கணக்கு மறுபுறமாக வேலை செய்தது. அயோவாவில் நான்காவதாகவும் நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாவதாகவும் வந்த ஜோ பைடனை, தென் கரோலினாவின் செல்வாக்குமிக்க கறுப்பினக் காங்கிரஸ் உறுப்பினர் ஜிம் கிளைபர்ன் அங்கு ஆதரித்தார். பைடன் அங்கு வென்ற கையோடு போட்டியாளர்கள் இருவர் விலகி அவர் பின்னால் நின்றனர். மூன்றே நாளில், பல மாநிலங்கள் ஒரே நாளில் பிரைமரி நடத்தும் சூப்பர் செவ்வாயன்று, 14 மாநிலங்களில் பத்தை அவர் வென்றார். டிரம்பைத் தோற்கடிக்கக்கூடியவர் இவரே என்று கட்சி வாக்காளர்கள் நினைத்தார்கள்; அம்முறை கணக்கு பலித்தது.

டிரம்ப் விஷயத்தில் அது இரண்டு முறை பொய்த்தது. அரசுப் பதவியோ ராணுவப் பணியோ வகித்திராதவர் அதற்கு முன் அதிபரானதே இல்லை. 2016இல் அவர் ஆனார். 2024 மே மாதம் நியூயார்க்கில் 34 குற்றச்சாட்டுகளில் குற்றவாளி எனத் தீர்ப்பு வந்தது. நவம்பரில் அந்த ஏழு மாநிலங்களையும் வென்றார்.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது இல்லாமல் களத்தில் நிற்க முடியாது. அது மட்டும் இருந்தால் வெல்லவும் முடியாது. 2020 பிரைமரியில் மைக்கேல் புளூம்பெர்க் சுமார் நூறு கோடி டாலர் செலவழித்து வென்ற ஒரே இடம் அமெரிக்கன் சமோவா. (ஓட்டுரிமை மட்டுமல்ல, வேலை விசாவில் இருப்பவர்கள் வேட்பாளருக்கு நன்கொடை கொடுக்கவும் சட்டம் அனுமதிப்பதில்லை, அலுவலக நண்பர்கள் உற்சாகத்தில் கேட்டாலும் கொடுத்துவிடாதீர்கள்.)

இனி கமலா ஹாரிஸ். நிறமும் பெண் என்பதும் ஓட்டைத் தொடவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் முதன்மைக் காரணமாக நான் கருதுவது விலைவாசி. 2022 ஜூனில் பணவீக்கம் 9.1 சதவீதத்தைத் தொட்டது; நாற்பது ஆண்டுகளில் காணாத உயரம் அது. விலையேற்றத்தின் வேகம் பிறகு தணிந்தாலும், ஏறிய விலைகள் இறங்கவில்லை. துணை அதிபராக இருந்தவர் அந்த ஆட்சியின் சுமையைத் தானும் சுமக்க நேர்ந்தது; பைடன் ஜூலை 21 அன்று போட்டியிலிருந்து விலகியதால் பிரசாரத்துக்குக் கிடைத்ததும் மூன்றரை மாதம்தான். சரிவு குறிப்பிட்ட சில மாநிலங்களோடு நிற்கவில்லை: பைடன் சுமார் 16 சதவீதப் புள்ளி வித்தியாசத்தில் வென்ற நியூ ஜெர்சியில் அவர் வென்றது ஏறக்குறைய 6 புள்ளியில். அதே நாளில், அவர் தோற்ற விஸ்கான்சினில் டாமி பால்ட்வினும், மிச்சிகனில் எலிசா ஸ்லாட்கினும், நெவாடாவில் ஜாக்கி ரோசனும் அவருடைய கட்சியின் சார்பில் செனட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். மூவரும் பெண்கள், ஆனால் மூவரும் வெள்ளையர். உங்கள் கேள்வியின் ஒரு பாதிக்கு இது நல்ல பதில், மறு பாதிக்கு அல்ல.