ஐசியூவில் எந்த மருந்துக்கும் கேட்காத கிருமி பரவாமல் எப்படித் தடுக்கிறார்கள்?

டெல்லியில் ஒரு தனியார் மருத்துவமனை ஐசியூவில் 11 வருடமாக நர்ஸ். சொந்த ஊர் நாகர்கோவில். தமிழ் பேசும் நோயாளி யார் வந்தாலும் என் தலையில்தான்.

எங்களைப் படுத்துவது பெரும்பாலும் க்ளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர் என்ற இரண்டு கிருமிகள்தான். கிருமி எந்த மருந்துக்குக் கேட்கும் என்று சொல்லும் கல்ச்சர் ரிப்போர்ட்டில் மேலிருந்து கீழ்வரை ஆர், ஆர், ஆர். ‘ஆர்’ என்றால் கேட்காது. கடைசியாக கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக். அதற்கு ‘எஸ்’ (கேட்கும்) போடுவதையே இப்போது விட்டுவிட்டார்கள். ‘ஐ’ (இடைநிலை) வந்தால் அதுவே ஆறுதல். ஏற்றினால் கிட்னி தாங்குகிறதா என்று தினமும் கிரியாட்டினின் பார்க்க வேண்டும். ஆகவே மருந்தை நம்பி உட்கார முடியாது. குழாயும் கையும்தான் பிழைப்பு.

வென்டிலேட்டர் குழாய், கழுத்தில் போடும் சென்ட்ரல் லைன், யூரின் ட்யூப், மூன்றும் கிருமி உள்ளே ஏறும் ஏணி. ரவுண்ட்ஸில் தினமும் கேட்பேன்: “இந்த ட்யூப் இன்னைக்கும் வேணுமா சார்?” சில டாக்டர்களுக்கு எரிச்சல் வரும். வரட்டும்.

அடுத்தது சிங்க். மிச்ச டீயையும் குளுக்கோஸையும் கை கழுவும் சிங்க்கிலேயே ஊற்றுவார்கள். கீழ்க்குழாயில் கிருமிக்கு விருந்து; குழாயைத் திறந்தால் தெறித்து மேலே வரும். கார்பபெனம் என்ற வீரியமான ஆன்டிபயாட்டிக்கைச் சிதைக்கும் ஒரு நொதிக்கு 2009இல் நியூடெல்லி பெயரையே வைத்தபோது (என்டிஎம்-1) இங்கே பலருக்குக் கோபம். எங்கள் பழைய சிங்க்கைப் பார்த்திருந்தால் கோபம் பாதியாகியிருக்கும்.

கைதான் பெரும்பாடு. ஆல்கஹால் கலந்த ஹேண்ட் ரப்பை 20-30 விநாடி தேய்க்க வேண்டும். நோயாளியைத் தொட்டால் எல்லோருக்கும் நினைவு வரும். கட்டில் கம்பியை, மானிட்டரைத் தொட்டால் வராது. அசினெட்டோபாக்டரோ காய்ந்த இடத்தில் வாரக்கணக்கில் கிடக்கும்.

மயூர் விஹார் மாமி ஒருவர் தினமும் மாமாவுக்கு விபூதி இட வருவார். கம்பியைப் பிடித்துக் குனிந்து இட்டுவிட்டு, பக்கத்துக் கட்டில் தமிழ்ப் பையனுக்கும் அதே கையால் இட்டார். ஓடிப்போய்த் தடுத்தேன். “சாமி காரியம்டி” என்று முகம் சுருங்கியது. உட்கார வைத்து விளக்கினேன்: ரப் போட்டுக் கை காய்ந்த பிறகு மாமாவுக்கு மட்டும், பக்கத்துக் கட்டிலுக்குத் தூரத்திலிருந்து வேண்டுதல் போதும்.

மறுநாள் மானிட்டர் அலாரத்தை அமுக்கிவிட்டு மாமாவின் ஐவி லைனைப் பிடிக்கப் போனேன். பின்னாலிருந்து குரல்:

“ஏண்டிம்மா, அந்த டிவியத் தொட்டியே, அந்தக் கைக்கு?”